தோற்றவர்கள் கைதட்டிய மத்தியானம்

2023 ஆகஸ்ட் 23. ஜப்பானின் கோஷியென் மைதானத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கான கோடைக்கால பேஸ்பால் இறுதியாட்டம் முடிந்திருந்தது. கெய்யோ பள்ளி 8-2 என்று செண்டாய் இகுவெய் பள்ளியை வென்றிருந்தது. ஜெயித்தவர்கள் மைக் முன்னால் பேசிக்கொண்டிருக்க, தோற்ற பையன்கள் அவர்களைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஒப்புக்குத் தட்டிய மாதிரி இல்லை. முகத்தில் அழுத தடம் காயாத பையன்களும் அதில் இருந்தார்கள்.

அந்தக் காட்சியை நான் பல தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். அது ஏன் இவ்வளவு தூரம் மனதில் நிற்கிறது என்று சொல்ல வேண்டுமானால் கோஷியென் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மைதானத்தின் பெயராலேயே அழைக்கப்படும் கோடை கோஷியென் 1915-இல் தொடங்கிய போட்டி. இப்போது ஒவ்வோர் ஆண்டும் நாடு முழுக்க சுமார் 3,400 அணிகள் மாநில அளவில் மோதி, அதிலிருந்து 49 அணிகள் மட்டும் கோஷியெனுக்கு வருகின்றன. ஒரு தோல்வி, அத்தோடு சரி. புள்ளிப் பட்டியல், இரண்டாவது வாய்ப்பு எதுவும் கிடையாது. கடைசி ஆண்டான மூன்றாம் ஆண்டு மாணவனாக இருந்தால் பள்ளி அணியில் அவனுடைய காலமே அந்தத் தோல்வியோடு முடிந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் சைரன் ஊதும். இரண்டு அணிகளும் எதிரெதிரே வரிசையாக நின்று தலைகுனிந்து வணங்கும். அப்புறம் ஜெயித்த பள்ளியின் பாடலைப் போடுவார்கள். தோற்றவர்கள் தங்கள் பெஞ்ச் முன்னால் நின்று அந்தப் பாட்டை முழுதாகக் கேட்க வேண்டும். பிறகு தங்கள் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் ஓடிப்போய் மறுபடி ஒரு வணக்கம். கடைசியாக மண்டியிட்டு, மைதானத்தின் கறுப்பு மண்ணைக் கையால் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, தோற்றவர்களை உடனே மறைத்துவிடாமல் நிற்க வைப்பதுதான். 49 அணிகளில் 48 தோற்றுத்தான் வீடு போகும். அப்படியிருக்கத் தோற்பதற்கும் ஒரு முறை, ஒரு மரியாதை வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

செண்டாய் இகுவெய்க்கு வருவோம். இந்த அணி வடகிழக்கு ஜப்பானின் தோஹோக்கு பகுதியைச் சேர்ந்தது. பனி அதிகம் விழும் பகுதி. கோஷியென் தொடங்கி நூறு ஆண்டுகள் தாண்டியும் தோஹோக்குப் பள்ளி ஒன்றுகூட கோப்பையைத் தூக்கியதில்லை. அதே மைதானத்தில் நடக்கும் வசந்த காலப் போட்டியையும் சேர்த்தால் இறுதியாட்டம் வரை வந்து 12 தடவை தோற்றிருந்தார்கள். 2022-இல்தான் செண்டாய் இகுவெய் 8-1 என்று ஷிமோனோசெக்கி கொக்குசாயை வென்று அந்த ஏக்கத்தைத் தீர்த்தது. ஒரு வட்டாரமே அழுத நாள் அது.

அன்று பயிற்சியாளர் வட்டாரு சுயே என்ன பேசினார் என்பதுதான் விஷயம். நூறாண்டுக் கனவு பலித்திருக்கிறது, மைக் கையில் இருக்கிறது, தன் அணியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அவர் பேசியது நாட்டிலுள்ள எல்லா உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும் பற்றி. அந்த ஆண்டு மூன்றாம் ஆண்டு படித்த பையன்கள் 2020-இல் பள்ளியில் சேர்ந்தவர்கள். கொரோனாவால் அந்தக் கோடையில் கோஷியெனே நடக்கவில்லை. நெருங்கிப் பழக வேண்டிய வயதில் எதைச் செய்தாலும் 'கூடாது' என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள், நாடு முழுக்க இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கைதட்டுங்கள் என்று அவர் கேட்டார். சொல்லும்போது குரல் உடைந்தது. எதிரணிப் பையன்களும் அந்தக் கைதட்டலுக்குள் வந்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு அதே அணி மறுபடி இறுதிக்கு வந்தது. எதிரே கெய்யோ. 2023 மார்ச்சில் நடந்த வசந்த காலப் போட்டியில் இதே கெய்யோவை, வழக்கமான ஒன்பதைத் தாண்டி 10 இன்னிங்ஸ் வரை இழுத்து 2-1 என்று செண்டாய் வென்றிருந்தது. ஆகவே கெய்யோவுக்கு இது பழைய பாக்கி. முதல் இன்னிங்ஸில் கெய்யோவின் முதல் பேட்டர் மருத்தா ஹோம் ரன் (எல்லைச் சுவரைத் தாண்டிப் போகும் அடி) அடித்தார். கோடைக்கால இறுதியாட்ட வரலாற்றில் முதல் பேட்டரே ஹோம் ரன்னோடு ஆட்டத்தைத் தொடங்கியது அதுவே முதல் முறை. ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது கெய்யோ 3-2 என்று முன்னிலையில் இருந்தது. அந்த இன்னிங்ஸில்தான் எல்லாம் கலைந்தது. இடது-நடுப் பகுதிக்கு உயரப் போன ஒரு பந்தைப் பிடிக்க செண்டாயின் இரண்டு ஃபீல்டர்கள் ஓடினார்கள். ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள், பந்து கீழே விழுந்தது. அந்த இன்னிங்ஸில் மட்டும் ஐந்து ரன் போயிற்று.

கெய்யோ ரசிகர்களின் கூச்சல் அன்று மைதானத்தையே நிரப்பியிருந்தது. பழைய மாணவர்கள் திரண்டு வந்து பாடிக்கொண்டே இருந்தார்கள். 1916-க்குப் பிறகு 107 ஆண்டுகள் கழித்துக் கோப்பை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்தச் சத்தத்தில்தான் ஃபீல்டர்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்தது காதில் விழவில்லை என்று பார்த்தவர்கள் பலர் கொதித்தார்கள். பல நாள் இணையத்தில் சண்டை நடந்தது. தோற்ற பையன்கள் அதற்குள் போகவே இல்லை. மனிதனின் மதிப்பு தோற்கும்போதுதான் வெளியே தெரியும், நல்ல விதமாகத் தோற்கத் தெரிந்தவர்களாக இருங்கள் என்று சுயே தன் பையன்களுக்குச் சொல்லிவந்தவர். பையன்கள் அதை மைதானத்தில் செய்து காட்டினார்கள்.

முந்தைய ஆண்டு ஜெயித்தபோது அடுத்தவரை நினைத்த பயிற்சியாளர் என்பதால்தான் இந்த ஆண்டு தோற்றபோது அவருடைய பையன்களுக்குக் கைதட்ட முடிந்தது என்று நான் நினைக்கிறேன். தோற்ற நாளில் திடீரென்று பெருந்தன்மை வந்துவிடாது. ஜெயிக்கும் நாளில் எதிரணியை ஒரு பொருட்டாக மதித்துப் பழகியிருக்க வேண்டும்.

இதே கோஷியெனில் நேர்மாறான ஒரு நாளும் உண்டு. 1992 ஆகஸ்ட் 16. செய்ரியோ பள்ளிக்காக ஹிதேக்கி மட்சுயி ஆடிக்கொண்டிருந்தார், நாடே பேசிய பேட்டர். எதிரணி மெய்டோக்கு கிஜுக்கு அவருக்கு அடிக்க ஒரு பந்துகூடக் கொடுக்கவில்லை. ஐந்து முறை பேட் செய்ய வந்தார். ரன் எடுக்க நான்கு பேஸ்களை வரிசையாக ஓடித் தொட வேண்டும்; பேட்டருக்கு எட்டாத நான்கு பந்துகள் வந்தால் அவர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். ஐந்து முறையும் அப்படி எட்டாத தூரத்தில் பந்து போட்டு அவரை அனுப்பிவிட்டார்கள். விதிப்படி அதில் தவறே இல்லை. கடைசி இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட், மூன்றாம் பேஸில் ஒருவர், ஒரு ரன் பின்தங்கிய நிலை. அப்போதும் அதேதான். ரசிகர்கள் மைதானத்துக்குள் பொருட்களை வீசினார்கள், ஆட்டம் நின்றது. செய்ரியோ 2-3 என்று தோற்றது.

இந்த ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு. மெய்டோக்கு பயிற்சியாளர் எடுத்த முடிவை நான் எடுத்திருக்க மாட்டேன். ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் வியூகம். ஐந்து தடவையும் என்றால், எதிரே நிற்பவனோடு ஆடுவதற்கே மறுத்ததாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் அன்று அதைவிட அசிங்கமாக நடந்துகொண்டவர்கள் பார்வையாளர்கள். ஜெயித்த பள்ளியின் பாடல் ஒலிக்கும்போது 'திரும்பிப் போ, திரும்பிப் போ' என்று ஆயிரக்கணக்கானவர்கள் கத்தினார்கள். பயிற்சியாளர் சொன்னதைச் செய்த பதினாறு பதினேழு வயதுப் பையன்கள், வாழ்நாள் முழுக்க நினைத்துப் பார்க்க வேண்டிய பாட்டை அந்தக் கூச்சலுக்கு நடுவே பாடினார்கள். அடுத்த ஆட்டத்தில் 0-8 என்று தோற்று வெளியேறினார்கள்.

மட்சுயி அன்று செய்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு தடவையும் பேட்டைக் கீழே வைத்துவிட்டு முதல் பேஸுக்குப் போனார். முறைக்கவில்லை, பேட்டை வீசவில்லை, பந்து வீசிய பிட்ச்சரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிற்பாடு நியூயார்க் யாங்கீஸுக்குப் போய் 2009 வேர்ல்ட் சீரிஸில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். ஆனாலும் ஜப்பானில் அவர் பெயரைச் சொன்னால் அந்த ஐந்து நடைகளையும் சேர்த்தேதான் பேசுகிறார்கள்.

அமெரிக்காவில் இந்த விஷயம் வேறு விதமாக ஓடுகிறது. அங்குள்ள முதன்மைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீகில் 'எழுதாத விதிகள்' என்று ஒரு பட்டியல் உண்டு. பெரிய வித்தியாசத்தில் முன்னிலையில் இருக்கும்போது பேஸ் திருடக்கூடாது (பேட்டர் அடிப்பதற்கு முன்பே அடுத்த பேஸுக்கு ஓடக்கூடாது), ஹோம் ரன் அடித்துவிட்டு நின்று ரசிக்கக்கூடாது, இப்படிப் போகும். எல்லாம் எதிராளியை அவமானப்படுத்தாமல் இருக்கத்தான் என்பார்கள். 2020 ஆகஸ்டில் சான் டியேகோ அணி டெக்சஸுக்கு எதிராக 10-3 என்று முன்னால் இருந்தது. எட்டாவது இன்னிங்ஸ், எல்லா பேஸிலும் ஆள். 21 வயது ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியருக்கு முதல் மூன்று பந்துகளும் தப்பாகப் போயிருந்தன. அடுத்த பந்து நேராகத்தான் வரும். மரபுப்படி அதை அடிக்காமல் விட்டுவிட வேண்டும். டாட்டிஸ் அடித்தார், நான்கு ரன்கள். டெக்சஸ் மேலாளருக்குக் கோபம். அடுத்து பேட் செய்ய வந்த சான் டியேகோவின் மச்சாடோவின் முதுகுக்குப் பின்னால் பந்து பறந்தது. அதை வீசிய பிட்ச்சருக்கும் மேலாளருக்கும் தண்டனையாகத் தடை விதிக்கப்பட்டது. டாட்டிஸின் சொந்த மேலாளரே, அடிக்காதே என்ற சைகையைப் பையன் கவனிக்கவில்லை என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு இதில் உடன்பாடே இல்லை. மணிக்கு நூற்று நாற்பது, நூற்று ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை ஒருவர் உடம்பை நோக்கி எறிந்து கற்றுக்கொடுக்கும் பணிவு என்ன பணிவு? எதிராளி பாவம் என்று பாதிக் கையோடு ஆடுவதும் அவனுக்குச் செய்யும் மரியாதை இல்லை. தன்னைக் குழந்தையாக நினைத்து விட்டுக்கொடுத்தார்கள் என்று தெரிந்தால் எந்த ஆட்டக்காரருக்கும் அது தோல்வியைவிட அதிகமாக வலிக்கும். ஜப்பானிலும் இப்படி ஒரு கெடுபிடி உண்டு. கோஷியெனில் ஸ்ட்ரைக் அவுட் எடுத்த (பேட்டரை மூன்று பந்துகளைத் தவறவிட வைத்து வெளியேற்றிய) பையன் கை முஷ்டியை உயர்த்திக் கத்தினால் நடுவர் கூப்பிட்டுக் கண்டிப்பதுண்டு. சந்தோஷத்தை அடக்கச் சொல்வதால் பணிவு வந்துவிடாது. சந்தோஷப்படட்டும். அடுத்த நிமிடம் எதிரே இருப்பவன் கண்ணில் படுகிறானா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவிலேயே அதற்கு அருமையான உதாரணங்கள் இருக்கின்றன. பாஸ்டன் ரெட் சாக்ஸ், நியூயார்க் யாங்கீஸ் பகை எல்லோருக்கும் தெரிந்தது. 2003-இல் அவர்கள் இருவரும் ஆடும் அமெரிக்கன் லீகின் இறுதிச் சுற்றில் (நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவர் ஜெயிப்பார்) ஏழாவது ஆட்டம், 11-ஆவது இன்னிங்ஸ். பாஸ்டனின் டிம் வேக்ஃபீல்ட் வீசிய முதல் பந்தை ஆரன் பூன் ஹோம் ரன் அடித்தார், பாஸ்டன் வீட்டுக்குப் போயிற்று. மறு ஆண்டு அதே இரண்டு அணிகள். யாங்கீஸ் முதல் மூன்று ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டது, மூன்றாவது ஆட்டம் 19-8 என்ற அவமானம். அந்த ஆட்டத்தில் மற்ற பிட்ச்சர்கள் களைத்துவிடக் கூடாது என்று, மறுநாள் தான் தொடங்க வேண்டிய ஆட்டத்தை விட்டுக்கொடுத்து வேக்ஃபீல்ட் தானே முன்வந்து பந்து வீசினார். அப்புறம் பாஸ்டன் நான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றது. 0-3 என்ற நிலையிலிருந்து ஓர் அணி அப்படி மீண்டது மேஜர் லீக் வரலாற்றில் அதற்கு முன் நடந்ததே இல்லை.

யாங்கீஸ் மேலாளர் ஜோ டோரிக்கு அது எப்படிப்பட்ட இரவாக இருந்திருக்கும்! சொந்த மைதானம், ஏழாவது ஆட்டம் 10-3 என்று போய்விட்டது, மறுநாள் பத்திரிகைகள் கிழிக்கப்போகின்றன. அந்த மனிதர் எதிரணியின் அறைக்குப் போன் போட்டு அவர்கள் மேலாளர் ஃப்ரான்கோனாவை வாழ்த்தினார். பிறகு வேக்ஃபீல்டிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். முந்தைய ஆண்டு தன் அணியிடம் அந்த ஹோம் ரன்னைக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து போனவரை டோரி மறக்கவில்லை. தன் வாழ்நாளின் பெரிய தோல்வி நடந்த இரவில் எதிரணிக்காரர் ஒருவர் ஓராண்டாகச் சுமந்த பாரத்தை நினைக்கத் தோன்றியதே, அதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். வேக்ஃபீல்ட் 2023 அக்டோபரில் காலமானார். அவரை நினைத்தால் எனக்கு அந்தப் போன் அழைப்பும் கூடவே நினைவுக்கு வருகிறது.

இந்தப் பகைக்குள் இன்னொன்றும் நடந்தது. 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. மறுநாள் யாங்கீஸ் தங்கள் மைதானத்தில், பாஸ்டன் ரசிகர்கள் எட்டாவது இன்னிங்ஸில் வழக்கமாகப் பாடும் பாட்டைப் போட்டார்கள். நியூயார்க்காரர்கள் சேர்ந்து பாடினார்கள்.

பெரியவர்கள் இவ்வளவு யோசித்துச் செய்வதைச் சில சமயம் சிறுவர்கள் யோசிக்காமலே செய்துவிடுகிறார்கள். 2022 ஆகஸ்டில் டெக்சஸின் வேக்கோவில் சிறுவர்களுக்கான லிட்டில் லீக் போட்டியின் பிராந்திய இறுதியாட்டம். ஓக்லஹோமா பையன் ஒருவன் பேட் செய்துகொண்டிருந்தபோது பந்து நழுவி அவன் ஹெல்மெட்டில் பட்டது. தலையைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்து முதல் பேஸில் போய் நின்றான். அங்கிருந்து பார்த்தால் பந்து வீசிய டெக்சஸ் பையன் பந்து வீசும் மேட்டில் நின்று அழுதுகொண்டிருக்கிறான், அடுத்த பந்தை வீச முடியவில்லை. அடிபட்டவன் ஹெல்மெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்துபோய் அவனைக் கட்டிக்கொண்டான். நீ நன்றாகத்தான் வீசுகிறாய் என்று தேற்றினான். அந்த ஆட்டத்தில் ஜெயித்து அடுத்த கட்டத்துக்குப் போனது டெக்சஸ். அடிபட்ட பையனின் அணி வெளியேறியது.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமான ஆட்டம். நாடுகள் மோதும் 2023 உலக பேஸ்பால் கிளாசிக்கில் டோக்கியோ டோமில் ஜப்பானும் செக் குடியரசும் மோதின. நம் ஊரில் சனிக்கிழமை மத்தியானம் அது, நான் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். செக் அணியில் பெரும்பாலோர் வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுகிறவர்கள். எலக்ட்ரீஷியன் இருந்தார், தீயணைப்பு வீரர் இருந்தார், பள்ளி ஆசிரியர் இருந்தார். மேலாளர் பாவெல் ஹதீம் நரம்பியல் மருத்துவர். ஜப்பான் பக்கம் உலகமறிந்த நட்சத்திரம் ஒஹ்தானி. பந்து வீச வந்தவர் 21 வயது ரோக்கி சசாக்கி.

அன்று தேதி மார்ச் 11. சரியாக 12 ஆண்டுகளுக்கு முன் அதே நாளில் வந்த சுனாமியில் சசாக்கி தன் அப்பாவையும் தாத்தா பாட்டியையும் இழந்தார். ஊர் ரிக்குசென்தகாட்டா, தோஹோக்கு பகுதியின் இவாத்தே மாநிலம். அப்போது அவருக்கு ஒன்பது வயது. அந்த நாளில் அந்தப் பையன் பந்து வீசுகிறான் என்பது அரங்கில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் இன்னிங்ஸிலேயே செக் அணி ஒரு ரன் எடுத்து முன்னால் போனது. மூன்றாவது இன்னிங்ஸில் எலக்ட்ரீஷியனான ஒண்ட்ரே சட்டோரியா ஒஹ்தானியை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். சசாக்கியின் வேகத்தோடு பார்த்தால் நிதானமான பந்துகள், ஆனால் ஒஹ்தானியின் பேட் காற்றைத்தான் அடித்தது. சசாக்கியும் தயவு பார்க்கவில்லை, எட்டு பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். நான்காவது இன்னிங்ஸில் அவர் வீசிய 162 கிலோமீட்டர் வேகப் பந்து செக் அணியின் வில்லி எஸ்கலாவின் இடது முழங்காலில் பட்டது. எஸ்கலா தரையில் உருண்டார். சசாக்கி தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். எஸ்கலா எழுந்து முதல் பேஸுக்குப் போய், கால் சரியாக இருக்கிறது என்று காட்டுவதற்காக வலது பக்கக் கோட்டை ஒட்டி ஒரு ஓட்டம் ஓடிக் காட்டினார். ஜப்பான் ரசிகர்கள் மொத்தமும் அவருக்குக் கைதட்டியது.

ஜப்பான் 10-2 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்தும் இரண்டு அணிகளும் ஒன்றுக்கொன்று கைதட்டிக்கொண்டு நின்றன. ஒஹ்தானி சமூக ஊடகத்தில் செக் அணியின் படத்தைப் போட்டு 'மரியாதை' என்ற பொருளில் ஒற்றை வார்த்தை எழுதினார். அரையிறுதிக்காக மயாமியில் இறங்கியபோது அவர் தலையில் இருந்தது செக் அணியின் தொப்பி. சசாக்கி இரண்டொரு நாளில் செக் அணி தங்கியிருந்த ஹோட்டலுக்கே போனார், கையில் பை நிறைய இனிப்புகள். அவர் அப்போது ஆடிய சீபா லோட்டே அணி ஒரு மிட்டாய் நிறுவனத்துடையது. எஸ்கலாவும் அவரும் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சசாக்கியின் அந்த மார்ச் 11 முழுவதும் கண்முன் வந்தது. தன் துக்கத்தோடு ஒதுங்கி உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அரையிறுதியில் ஜப்பானிடம் 5-6 என்று கடைசி நிமிடத்தில் தோற்ற மெக்சிகோவின் மேலாளர் பெஞ்சி கில், ஜப்பான் முன்னேறுகிறது, ஆனால் இன்றிரவு ஜெயித்தது பேஸ்பால் உலகம் என்றார். இறுதியாட்டத்துக்கு முன் ஒஹ்தானி தன் அணியிடம், எதிரே இருக்கும் அமெரிக்க நட்சத்திரங்களை இன்று ஒருநாள் மட்டும் வியந்து பார்ப்பதை நிறுத்துவோம் என்று கேட்டுக்கொண்டார். வியந்துகொண்டே இருந்தால் அவர்களைத் தாண்ட முடியாது என்றார். செக் தொப்பியைப் போட்டுக்கொண்ட அதே மனிதர்தான் இதையும் சொன்னார். இரண்டும் ஒரே மனதிலிருந்து வந்தவை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஜப்பான் 3-2 என்று ஜெயித்தது.

2024 நவம்பரில் ஜப்பான் தன் தேசிய அணியோடு ஆட செக் அணியை நகோயாவுக்கு அழைத்தது, இரண்டு ஆட்டங்கள். அப்போது உலக சாம்பியனாக இருந்த அணி யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாம். 2026 கிளாசிக்கிலும் செக் அணிக்கு ஜப்பான் இருக்கும் அதே டோக்கியோ பிரிவுதான் வாய்த்தது.